கண்ணுக்குப் பழகிய உடம்பு

1945-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் ஒரு போட்டி நடந்தது. ஏறத்தாழ 15,000 இளம்பெண்களின் உடல் அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, டிக்கின்சன் என்ற மகளிர் மருத்துவரும் பெல்ஸ்கி என்ற சிற்பியும் ‘நார்மா’ என்றொரு பெண் சிலையைச் செய்திருந்தார்கள். இயல்பான பெண்ணின் உருவம் இதுதான் என்று சிலையை அருங்காட்சியகத்திலும் வைத்தாயிற்று. அந்தச் சிலைக்கு அச்சாகப் பொருந்தும் பெண் யார் என்று ஒரு நாளிதழ் தேடியது. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளைக் கொடுத்தார்கள். ஒன்பது அளவும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து அளவு பொருந்தியவர்களே நாற்பது பேரைத் தொடவில்லை.

கணக்கில் பிழையில்லை. இடுப்புக்கு ஒரு சராசரி உண்டு, தோளுக்கு ஒரு சராசரி உண்டு; எல்லாச் சராசரியும் ஒரே உடம்பில் வந்து சேராது, அவ்வளவுதான். ஆனாலும் அன்று பலர் குறை கண்டது பெண்களின் உடம்பில். ஒரு சிலைக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வருகிறது?

‘இயல்பான உடம்பு’ எது என்பதற்கு மூளையிடம் நிரந்தரமான அளவுகோல் கிடையாது. அடிக்கடி பார்ப்பதை வைத்து அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது, அப்புறம் சத்தமில்லாமல் மாற்றியும்கொள்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சாராருக்குப் பக்கவாட்டில் ஒடுக்கிய பெண் உருவப் படங்களையும் இன்னொரு சாராருக்கு அகலப்படுத்திய படங்களையும் சிறிது நேரம் காட்டினார்கள். முதல் சாராருக்கு ஒல்லியான உடம்பே இயல்பாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அகலமான உடம்பு. கொஞ்ச நேரப் பார்வைக்கே இப்படியென்றால், நாள் முழுக்க ஒரே மாதிரி உடம்புகளைத் திரையில் பார்க்கும் பதின்வயதுப் பெண்ணின் அளவுகோல் என்னவாகும்? எனக்கு இது கவலை தருகிற கேள்வி. அதே வழியில் சரிசெய்யவும் முடியும் என்பது ஆறுதல். தழும்பும் சுருக்கமும் தொப்பையும் உள்ள உடம்புகளை ஓவியத்திலும் புகைப்படத்திலும் அடிக்கடி பார்த்தால், கண் அதற்கும் பழகும்.

இன்னொரு சிக்கல், தன்னையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம். 1998-இல் ஒரு சோதனை வெளியானது. கண்ணாடி மாட்டிய அறையில் சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் போட்டுப் பார்க்கச் சொல்லி, அதே உடையில் கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடை அணிந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. ‘எப்படித் தெரிகிறேன்?’ என்ற எண்ணமே கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இந்தக் கவனத்தை உள்ளே திருப்ப நான் அறிந்ததில் மிக நல்ல வழி ‘உடல் வரைபடம்’. 2002 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களிடையே வளர்ந்த முறை இது. ஆள் உயரக் காகிதத்தைத் தரையில் விரித்து, ஒருவர் அதன்மேல் படுத்துக்கொள்வார். தோழி பென்சிலால் சுற்றுக்கோடு வரைவார். விரல்களுக்கு இடையில் பென்சில் நுழையும்போது கூச்சம் வந்து சிரிப்பும் வரலாம். எழுந்து பார்த்தால் கீழே ஓர் உருவம்: முகம் இல்லை, நிறம் இல்லை, எடை இல்லை. இனி அதை நிரப்ப வேண்டும். வலி எங்கே, அதற்கு என்ன நிறம்? எந்தத் தழும்புக்கு என்ன கதை? பலம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விகளுக்குக் கண்ணாடி பதில் சொல்லாது, உடம்பைத்தான் கேட்க வேண்டும். ‘அங்கே வலிக்கிறது’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுபவர்கூட அந்த இடத்தில் சிவப்பைத் தீட்டிவிடலாம். வரையத் தெரியாது என்று தயங்கவும் வேண்டாம், வெளிக்கோட்டைத்தான் தோழி போட்டுத் தந்துவிட்டாரே.

கூச்சத்தைத் தாண்டுவதில் எனக்கு மிகப் பிடித்த படைப்பு வெறும் எலுமிச்சம்பழங்களால் ஆனது. காரின் பியூமான்ட் என்ற வடிவமைப்பாளர், முட்டை அடுக்கும் அட்டையில் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்து மார்பகப் புற்றுநோயின் பன்னிரண்டு அறிகுறிகளைக் காட்டினார். ஒன்றில் குழி, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் கசிவு, ஒன்றில் உள்ளிழுத்த காம்பு. உண்மையான மார்பகப் படத்தை எத்தனை பேர் சுவரில் மாட்டுவார்கள்? எலுமிச்சையைப் பார்க்க யாருக்கும் வெட்கமில்லை, பயமுமில்லை; எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 2017-இல் அந்தப் படம் இணையத்தில் பல நாடுகளைச் சுற்றி வந்தது.

பழத்தை நறுக்கிய படமும் உண்டு. சுளைகள் பால் சுரப்பிகளுக்கு ஈடு. புற்றுக்கட்டி பல சமயம் எலுமிச்சை விதையைப் போலக் கெட்டியாக, நகராமல் இருக்கும் என்று அது விளக்குகிறது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் ஆகாது, எல்லாப் புற்றும் அப்படிக் கையில் தட்டுப்படவும் செய்யாது. ஆனால் விரலுக்குப் புதிதாக ஒரு விதை தட்டுப்பட்டால், அன்றைக்கே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.