கிரேக்கர் கண்ட வானத்தை வி.ஆரில் காட்டுமுன் சரிபார்க்க வேண்டியவை

'பண்டைய கிரேக்க வானியல்' என்ற பெயரோடு வரும் எந்த வி.ஆர். (மெய்நிகர் காட்சி) செயலியைத் திறந்தாலும் முதலில் வடக்கே திரும்பிப் பாருங்கள். துருவ நட்சத்திரம் வானத்தின் சுழல்முனையில் அசையாமல் நின்றால், நீங்கள் பார்ப்பது இன்றைய வானம்தான். அதன் கீழே பளிங்குத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கி.மு. 130 வாக்கில் ரோட்ஸ் தீவில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் வானத்தை அளந்தபோது அந்த விண்மீன் வடமுனையிலிருந்து சுமார் 12 டிகிரி விலகி இருந்தது. முனையில் விண்மீன் எதுவும் இல்லை என்று அவருக்கு முன்பே கிரேக்கக் கடலோடி பித்தியாஸ் சொல்லிவிட்டார்.

இரண்டாவது சோதனை: இடத்தை ஏதென்ஸாக வைத்துக்கொண்டு சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் உள்ள மரீசியைக் கவனியுங்கள். இன்று அது ஏதென்ஸ் அடிவானத்துக்குக் கீழே சற்று நேரம் மறைந்துதான் எழும். அன்று மறைந்ததே இல்லை. இந்த இரண்டிலும் தேறாத செயலியை வகுப்புக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ எடுத்துப்போக வேண்டாம். புத்தகப் படத்தைப் பார்த்து 'நிஜமா?' என்று கேட்கிற பிள்ளை, ஹெட்செட்டுக்குள் கண்டதை அப்படிக் கேட்பதில்லை. 'நானே பார்த்தேன்' என்றுதான் சொல்லும்.

ஆண்டும் இடமும்

வானியல் மென்பொருள்களில் கி.மு. 130 வேண்டுமென்றால் −129 என்று கொடுக்க வேண்டும். வானியலாளர் கணக்கில் 0 என்ற ஆண்டு உண்டு, வரலாற்றுக் கணக்கில் கிடையாது. −130 என்று போட்டுவிட்டால் விண்மீன்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் செவ்வாய் கிட்டத்தட்ட வானத்தின் எதிர்ப்பக்கத்துக்கே போய்விடும். தேதியும் இப்படித்தான்: ஸ்டெல்லேரியம் போன்றவை 1582-க்கு முந்தைய நாட்களை ஜூலியன் நாட்காட்டியில் காட்டும். அந்தக் காலத்து வசந்த சம இரவு நாள் அதில் மார்ச் 24 வாக்கில் வரும். 21-ஆம் தேதி சூரியனைத் தேடினால் மூன்று டிகிரி முன்னால்தான் நிற்கும்.

கிரகணம் காட்டுகிறவர்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து வருவதால், 2,000 ஆண்டுகளில் கடிகாரக் கணக்குக்கும் பூமி உண்மையில் சுழன்ற கணக்குக்கும் சுமார் 3 மணி நேர வித்தியாசம் சேர்ந்துவிட்டது. இந்தத் திருத்தம் அணைந்திருந்தால் கிரகணப் பாதை நிலப்படத்தில் 45 டிகிரி வரை நகர்ந்துவிடும். கிரேக்கத்தில் தெரிந்த கிரகணம் வேறு நாட்டில் விழும்.

விண்மீன்களின் சொந்த நகர்வும் இயங்கட்டும். சுவாதி 2,150 ஆண்டுகளில் ஒன்றேகால் டிகிரிக்கு மேல் நகர்ந்திருக்கிறது, அதாவது இரண்டரை முழுநிலவு அகலம். கோளத்தின் உட்புறம் ஒட்டிய ஒற்றைப் படமாக வானத்தை வைத்திருக்கும் செயலிகளில் இது வராது. செயற்கைக்கோள்கள், யுரேனஸ், நெப்டியூன், நகர வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இன்றைய 88 விண்மீன் மண்டலங்களுக்குப் பதில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வானியலாளர் டாலமி பட்டியலிட்ட 48 போதும். துலாம் இருக்கும் இடத்தை அவர்கள் தேளின் கொடுக்காகவே பார்த்தார்கள் என்பதையும் கோட்டுப்படத்தில் காட்டலாம்.

இரண்டு விண்மீன்கள்

அமைப்பு சரியாகிவிட்டால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டத் தகுந்தது அகத்தியர் விண்மீன். சென்னையில் அது தெற்கே 24 டிகிரி உயரம் வரை ஏறும், தேடவே வேண்டாம். இப்போது இடத்தை அலெக்சாந்திரியாவுக்கு மாற்றுங்கள்: உச்சத்திலேயே ஆறு டிகிரிதான். ரோட்ஸில் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும். ஏதென்ஸில் கண்ணிலேயே படாது. பூமி தட்டையாக இருந்தால் இப்படி நடக்காது என்பதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை. இதே விண்மீனின் உயர வித்தியாசத்தை வைத்துத்தான் கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அலெக்சாந்திரியாவில் ஏழரை டிகிரி என்று அவர் எடுத்துக்கொண்டது கொஞ்சம் அதிகம். இங்கே காற்றின் ஒளிவிலகல் இயங்குகிறதா என்று பாருங்கள். அடிவானத்தை ஒட்டி அது சுமார் அரை டிகிரி தூக்கிக் காட்டும், ரோட்ஸில் அந்த அரை டிகிரி பெரிய விஷயம்.

அடுத்தது சித்திரை நட்சத்திரம். தமக்குச் சுமார் 160 ஆண்டு முன் அலெக்சாந்திரியாவில் டிமோகாரிஸ் அளந்தபோது இலையுதிர் சம இரவுப் புள்ளியிலிருந்து அது 8 டிகிரி தள்ளி இருந்தது என்றும், தம் காலத்தில் 6 டிகிரிதான் என்றும் ஹிப்பார்க்கஸ் கண்டார். வானமே நகர்கிறது என்று அவர் முடிவுகட்டியது இந்த இரண்டு டிகிரியை வைத்துத்தான். நூறாண்டுக்கு ஒரு டிகிரிக்குக் குறையாது என்றார். உண்மையில் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. வி.ஆரில் சூரிய வீதியையும் அந்தப் புள்ளியையும் கோடிட்டு வைத்து, 100 ஆண்டுத் தாவலாக இன்றுவரை நகர்த்துங்கள். மேற்கே 6 டிகிரியில் இருந்த சித்திரை புள்ளியைத் தாண்டி, கிழக்கே 24 டிகிரிக்குப் போய்விடும். சம இரவு மார்ச் 20-21 வாக்கில் வந்தும் நம் மேஷப் பிறப்பு ஏப்ரல் 14-க்குப் போனதற்கும் இதே நகர்வுதான் காரணம். சூரியன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி போகிறது, நாட்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

திரையின் குறையை வானத்தின் மேல் சுமத்தாதீர்கள்

விண்மீன்கள் எல்லையற்ற தொலைவில் இருப்பதாகவே வரையப்பட வேண்டும். பத்து மீட்டர் ஆரமுள்ள கூரையில் அவற்றை ஒட்டி வைத்தால் இரண்டு கண்களுக்கும் வேறு வேறு இடத்தில் தெரியும். தலையை 30 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால் விண்மீன்கள் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஆடும். தலை இடம் மாறினால் கூரையும் சேர்ந்தே நகர வேண்டும், தலை திரும்பினால் திரும்பக் கூடாது. கிரேக்கர்களும் விண்மீன் கோளம் எல்லையுள்ளது என்றுதானே நம்பினார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். நம்பியது சரி. ஆனால் பூமி அதன் முன் ஒரு புள்ளி மாதிரி என்றும் டாலமி எழுதியிருக்கிறார். மண்டபக் கூரை அளவு அவர் மனதில் இல்லை.

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல்கள். நல்ல கண் சுமார் 60 வரை பிரித்துப் பார்க்கும். ஒரு பிக்சலுக்கும் சிறிய புள்ளியாக விண்மீனை வரைந்தால் தலை அசையும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். ஓரம் மங்கிய இரண்டு பிக்சல் பொட்டாக வரைந்து, பிரகாச வித்தியாசத்தைப் பருமனில் காட்டாமல் ஒளியில் காட்டுவது நல்லது. எல்.சி.டி. திரைகளில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்திருக்கும். அதை ஈடுகட்ட எல்லா விண்மீனையும் ஏற்றிவிடுகிறார்கள். விளைவு, வானம் முழுக்க ஒரே அளவு புள்ளிகள், மண்டலம் ஒன்றும் பிடிபடாது. ஐந்தாம் ஒளித்தரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் (ஒளித்தர எண் கூடக் கூட விண்மீன் மங்கல்).

சூரியனின் தொலைவைக் கணிக்கக் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் செய்த சோதனையோடு இந்தப் பிக்சல் கணக்கு நேராக மோதுகிறது. நிலவு சரிபாதி ஒளிரும் வேளையில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 87 டிகிரி என்று எடுத்துக்கொண்டு, சூரியன் நிலவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவு என்றார். உண்மைக் கோணம் 89 டிகிரி 51 கலை (60 கலை ஒரு டிகிரி), தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. நிலவு பாதியாகும் தருணத்தை ஐந்தரை மணி நேரம் முன்னதாகக் குறித்தாலே இந்தப் பிழை வந்துவிடும். அந்த இடைவெளியில் ஒளி-நிழல் எல்லைக்கோடு நிலவின் ஆரத்தில் இருபதில் ஒரு பங்குதான் வளையும். வெறுங்கண்ணுக்கே அது விளிம்பு நிலை. ஹெட்செட்டில் நிலவின் மொத்த அகலமே 12, 13 பிக்சல்கள். அந்த வளைவு மூன்றில் ஒரு பிக்சல்கூடத் தேறாது. ஆகவே 'எப்போது பாதியாகிறது, சொல்லுங்கள்' என்று மாணவரைக் கேட்டுவிட்டு, அவர் தவறியதும் 'அரிஸ்டார்க்கஸும் இப்படித்தான் தவறினார்' என்பது நியாயமில்லை. தவறவைத்தது திரை. நிலவை 20 மடங்கு பெரிதாக்கி ஒரு சட்டத்துக்குள் காட்டுங்கள். இப்படிப் பெரிதாக்கும் கருவி அவர்களிடம் இல்லை என்று சட்டத்தின் கீழேயே எழுதி வையுங்கள்.

வானத்தைச் சுற்றினால் தலை சுற்றும்

ஒரு நாளைப் பத்து விநாடியில் ஓட்டினால் வானம் விநாடிக்கு 36 டிகிரி சுழலும். பார்க்கிறவருக்குத் தானே சுழல்வதாகத் தோன்றி வயிற்றைப் புரட்டும். ஒரு நாளுக்கு இரண்டு நிமிடம், அதாவது விநாடிக்கு 3 டிகிரி, பெரும்பாலோருக்கு ஒத்துவரும். தரையும் அடிவானமும் அசையாமல் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும். இடம் மாற்றும்போது பறக்கவைக்காமல் இருட்டாக்கி, புது இடத்தில் திறக்கவும்.

கோள்களின் வக்கிரத்தை, அதாவது அவை சில காலம் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிவதை, காட்ட வானத்தைச் சுற்றவே தேவையில்லை. காலத்தை 23 மணி 56 நிமிடம் 4 விநாடித் தாவலாக நகர்த்தினால் விண்மீன்கள் அப்படியே நிற்கும், கோள் மட்டும் ஊரும். செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாளுக்கு 60 நாள் முன்பு, அதிகாலை 4 மணிக்குத் தொடங்குங்கள். 120 தாவல், தாவலுக்கு அரை விநாடி, மொத்தம் ஒரு நிமிடம். தாவலுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் பின்வாங்குவதால் கடைசியில் இரவு 8 மணிக்கு வந்து நிற்பீர்கள், நடுவில் பகல் குறுக்கிடாது. குளிர்காலத்தில் வரும் எதிர்நிலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்தியொளியும் தொந்தரவு செய்யாது.

மாதிரிகளை உள்ளே நின்று பார்ப்பது

இந்த வக்கிரத்தையும் வானின் மற்ற அசைவுகளையும் விளக்கக் கிரேக்கக் கணித அறிஞர் யூடாக்சஸ் மொத்தம் 27 கோளங்கள் வைத்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் கோளங்களாகக் காட்டும் செயலிகள் அழகாக இருக்கும், எதுவும் புரியாது. ஒரு கோளுக்கு உரிய நான்கை மட்டும் எடுத்து, உள்ளிருக்கும் இரண்டு சேர்ந்து 8 வடிவம் வரைவதைக் காட்டினால் போதும். பிறகு வானத்துக்குத் திரும்பி, செவ்வாய் சில மாதங்களில் எவ்வளவு பிரகாசமாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே தொலைவில் கோளை வைக்கும் மாதிரியில் அதற்கு வழியே இல்லை.

வி.ஆர். தன் விலையை நியாயப்படுத்துவது டாலமியின் நிலவு மாதிரியில்தான் என்று சொல்லலாம். நிலவு எந்தத் திசையில் இருக்கும் என்பதை அது நன்றாகவே சொன்னது. ஆனால் கணக்குப்படி நிலவின் தொலைவு 64 பூமி ஆரங்களிலிருந்து 33-34 வரை குறைகிறது. தாளில் வரைந்த வட்டங்களில் இது யார் கண்ணையும் உறுத்தாது. மாதிரியின் நடுவில், பூமியின் இடத்தில், ஆளை நிறுத்திப் பாருங்கள்: பாதி நிலவு வரும் நாளில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிதாக எதிரே தொங்கும். அப்படி ஒரு நிலவை யாரும் கண்டதில்லை. 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் இப்னு அல்-ஷாதிர் இந்தக் கோளாறைச் சரிசெய்தார்.

ஆண்டிகிதிரா கருவி: எது கிடைத்தது, எது ஊகம்

அதிகம் தவறாகக் காட்டப்படுவது, வானியல் கணக்குகளைச் செய்த இந்தக் கிரேக்கப் பல்சக்கரக் கருவிதான். கடலடியிலிருந்து 1901-இல் வெளிவந்த இந்த வெண்கலக் கருவியில் இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பவை 82 துண்டுகள், 30 பல்சக்கரங்கள். பின்பக்கம் 235 மாதச் (19 ஆண்டு) சுருளும் 223 மாதக் கிரகணச் சுருளும் உறுதியானவை. நிலவின் வேக மாற்றத்தைக் காட்டும் ஊசி-துளை அமைப்பும் 2005-இல் எடுத்த எக்ஸ்ரே படங்களில் தெளிவாக இருக்கிறது: 50 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள், மையங்களுக்கு இடையே சுமார் 1.1 மி.மீ. விலகல். இந்த 1.1 மி.மீ.தான் கருவியின் உயிர். அசல் அளவில் காட்டினால் ஹெட்செட்டில் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கி சக்கரத்தின் ஓரம் நின்று பார்க்க வையுங்கள்.

முன்பக்கத்துக் கோள்களின் சக்கரத் தொகுதி ஏறக்குறைய முழுதும் தொலைந்துவிட்டது. வெள்ளிக்கு 462, சனிக்கு 442 என்ற ஆண்டுச் சுழற்சிகள் கல்வெட்டுபோல் பொறித்த எழுத்துகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்து 2021-இல் லண்டன் பல்கலைக் கல்லூரிக் குழு ஒரு மீட்டமைப்பை முன்வைத்தது. நல்ல வேலை, ஆனாலும் முன்மொழிவு. செயலிகளோ எல்லாச் சக்கரத்தையும் ஒரே பளபள வெண்கலத்தில் சுற்றவிடுகின்றன. கிடைத்தவை வெண்கல நிறத்தில், எழுத்துச் சான்றுள்ளவை ஒளி ஊடுருவும் நிறத்தில், ஊகம் வெறும் கோட்டுருவில் என்று மூன்றாகப் பிரிக்கும் வசதி இல்லாத செயலியாக இருந்தால், வாயாலாவது சொல்லிவிடுங்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கு சுமார் 78 நாள் நகர்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். 19 ஆண்டுக்கு 89 சுற்று வர வேண்டும். வி.ஆரில் சக்கரம் உராயாது, பல் சிக்காது. முக்கோணப் பற்கள் கொண்ட அசல் அவ்வளவு வழுவழுப்பாக ஓடியிருக்காது.

அறையில்

விண்மீன் காட்டுகிறோம் என்று அறையை இருட்டாக்குவது எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் தலையின் இடத்தைக் கணிக்கின்றன. இருட்டில் வானம் துள்ளும், சாயும். சாதாரண டியூப்லைட் வெளிச்சம் இருக்கட்டும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது பாதுகாப்பு. ஒருவருக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். மற்றவர்களுக்காக டிவியில் ஓடவிட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சார்ஜரை அருகில் வையுங்கள். மெட்டா 10 வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை, வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். முகத்தில் படும் பகுதியை ஒவ்வொருவருக்குப் பிறகும் ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினித் துணியால் துடைக்கலாம். அதே துணியை லென்ஸில் வைத்துவிடாதீர்கள், அதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் மட்டும்.

பகலில் நடக்கும் முகாம்களில் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கும்போது லென்ஸ் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். ஜன்னல் வழியே விழும் வெயில் அந்த லென்ஸ் வழியாகக் குவிந்து சில விநாடிகளில் திரையைப் பொசுக்கிவிடும். அந்த மஞ்சள் தழும்பை எந்தச் சேவை மையமும் உத்தரவாதத்தில் மாற்றித் தராது.