சர்க்கரை வந்துவிட்டதென்று நெய்யை நிறுத்தாதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்பு கெட்டியாகி அடைக்கும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்குச் சர்க்கரை நோயும் வந்துவிட்டால், வீட்டில் முதலில் சோறு குறைகிறது. அப்புறம் நெய், எண்ணெய் நிற்கின்றன. தாத்தாவின் டயட் சார்ட்டே பேரனுக்கும் வந்துவிடுகிறது. உணவியல் ஆலோசகராக என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

தாத்தாவுக்கு வந்த சர்க்கரை நோய் வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கெட்டியான சுரப்பு கணையத்தின் குழாய்களை அடைக்கிறது. நாளடைவில் இன்சுலின் சுரக்கும் செல்களும் அழிகின்றன. இன்சுலின் போதாவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. எடை இறங்கும், கூடவே நுரையீரலின் பலமும் இறங்கும். பலருக்கு அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு வரை கலோரி தேவைப்படும். அதில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வருவது நல்லது. எனவே இன்சுலினுக்காகச் சாப்பாட்டைக் குறைப்பதில்லை, சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலின் அளவை மருத்துவர் அமைப்பார். அதற்கு, எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது என்பது தெரிய வேண்டும். தினமும் ஒரே கிண்ணத்தில் சோற்றை அளந்து போட்டாலே பாதி வேலை முடியும்.

இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தாராளமாக வையுங்கள். முட்டை, மீன், வேர்க்கடலை, நெய் விட்ட பருப்புச் சோறு எல்லாம் வேண்டும். பாயசம் கூட சாப்பாட்டோடு, கணக்கில் சேர்த்துக் கொடுக்கலாம். குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் மட்டும் வேண்டாம். அவை சர்க்கரையை விருட்டென்று ஏற்றும், சத்து எதுவும் தராது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் நேரத்துக்குக் குளுக்கோஸ் கையில் இருக்கட்டும்.

இன்சுலின் ஊசி தொடங்கியதும் சிலர் என்சைம் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் கொழுப்பு செரிக்காது. கொட்டிய நெய்யெல்லாம் மலத்தோடு போய்விடும்.

உப்பையும் குறைக்காதீர்கள். இவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உப்புப் போட்ட மோர் அவசியம். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

நுரையீரல் தொற்று வரும்போதும் ஸ்டீராய்டு எடுக்கும்போதும் சர்க்கரை ஏறும். அப்போதும் பட்டினி போட வேண்டாம். இன்சுலின் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரை அழையுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மூலக் குறையையே சரிசெய்ய உதவும் மாடுலேட்டர் மருந்து எடுத்து எடை நன்றாகக் கூடிவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவர்களுக்குக் கலோரியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோய் இன்னும் வராத சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைகளுக்கு, பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் ரத்தப் பரிசோதனை தேவை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, சர்க்கரை ஏறியிருந்தாலும் இவர்களுக்குச் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்றால், அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.