பேணிக்குள் எவ்வளவு காற்று?

"ஒரு பேணி எண்டா எத்தனை கிராம்?" கனடாவிலிருந்து மச்சாள் கேட்டாள். என் அம்மா சொன்ன கணக்கில்தான் கோதுமை மாவும் தண்ணீரும் அளந்து புட்டுக் குழைத்திருக்கிறாள். உதிரவேண்டிய புட்டு களியாய்ப் போய்விட்டது.

கிளிநொச்சியில் எங்கள் குசினியில் அளவுக்கு இருப்பது ஒரு பழைய ரின்பால் பேணி, அதாவது இனிப்புக் கெட்டிப்பால் வந்த தகர டப்பா. ரின்பால் இருந்தபோது அதில் 400 கிராமுக்குக் கிட்ட இருந்தது. அதே பேணிக்குத் தண்ணீர் வார்த்தால் 300 கிராம்தான். ரின்பாலின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு. பேணி அளப்பது கனவளவை, தராசு காட்டுவது திணிவை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக அடர்த்தி வேண்டும். தண்ணீர், தேங்காயெண்ணெய் போன்றவற்றுக்கு இதோடு கணக்கு முடிந்துவிடும்.

தானியத்துக்கு முடியாது, இடையில் காற்று இருக்கிறது. அதே பேணியில் அரிசி 240 கிராம் அளவில் நிற்கும். ஒரு அரிசிமணியைத் தனியே தண்ணீரில் போட்டால் தாழும், ஆனால் பேணி அரிசி பேணித் தண்ணீரைவிட நிறை குறைவு. காரணம், பேணியில் நூற்றுக்கு 45 பங்குக்குக் கிட்ட வெறும் இடைவெளி. வன்னி விவசாயிக்கு இது புதிதல்ல. நெல் அளக்கும் அளவான ஒரு புசல் 36.4 லீற்றர் கொள்ளும். நெல்லென்றால் அது ஏறத்தாழ 21 கிலோ, அரிசியென்றால் 29 கிலோ. சொரசொரப்பான உமி நெல்மணிகளை நெருங்கிப் படுக்க விடாது.

மாவில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு துகளின் விட்டம் பாதியானால் அதன் நிறை எட்டில் ஒன்றாகிவிடும். துகள்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டும் விசையோ பாதியாகத்தான் குறையும். அதனால் மிகச் சிறிய துகளுக்குத் தன் நிறையைவிடப் பக்கத்துத் துகளின் பிடியே பெரிது. சீனி போல் உருண்டு பள்ளத்தில் விழாமல், விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு வளைவு வளைவாக நிற்கும். அந்த வளைவுகளுக்குள் காற்று. பேணியை நிலத்தில் ஒருமுறை தட்டினால் வளைவுகள் இடிந்து மா இறங்கும்.

செய்து பார்த்தேன். அரிதட்டில் அரித்த மாவைப் பேணியில் மெல்லத் தூவி, மேலே வழித்து நிறுத்தபோது 145 கிராம். அதே பேணியை நாலு தரம் தட்டி, இறங்கிய இடத்தையும் நிரப்பினால் 185. பேணி ஒன்று, மா ஒன்று, வித்தியாசம் 40 கிராம்.

"அரிச்சிட்டோ அளந்தனீ?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"ஓம், மாமி அப்பிடித்தானே செய்யிறவ?"

அம்மா அப்படிச் செய்வதில்லை. பையிலிருந்து பேணியால் அள்ளி, ஒரு தட்டுத் தட்டி, அதன் பிறகுதான் அவிப்பதும் அரிப்பதும். மச்சாளின் பேணியில் மா குறைவு, தண்ணீர் மட்டும் அதே அளவு. களியாகாமல் என்ன செய்யும்?

கிராமுக்கு மாற்றும்போது இன்னொரு பிழையும் நடக்கும். ஒரு பேணி அரிசிக்கு இரண்டு பேணி தண்ணீர் என்பது கனவளவில் ஒன்றுக்கு இரண்டு. நிறையில் அது 240-க்கு 600, அதாவது ஒன்றுக்கு இரண்டரை. பேணிக் கணக்கை அப்படியே தராசுக்குக் கொண்டுபோனால் சோறு விறைத்துப்போகும்.

ஆகவே பொது அட்டவணையைத் தேடுவதைவிட, சமைக்கிறவரின் கையையே நிறுப்பது நல்லது. வெறும் பேணியைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். அவர் வழக்கமாக அள்ளுகிற மாதிரியே மூன்று தரம் அள்ளச் சொல்லி, மூன்றையும் கூட்டி மூன்றால் பிரியுங்கள். மா எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஊறவைத்து இடித்த பச்சை அரிசிமாவில் தண்ணீர் இருக்கிறது, தராசு அதையும் சேர்த்தே நிறுக்கும். வறுத்த மாவின் கணக்கு அதற்குப் பொருந்தாது.

அம்மாவின் மூன்று பேணிகள் 172, 178, 175 கிராம். கண் மதிப்பில் அள்ளுகிறவருக்கு இந்த ஒழுங்கு எனக்குப் பெரிய வியப்பு. மச்சாளுக்கு எழுதி அனுப்பினேன்: "பேணிக்கு 175 கிராம். அவிக்க முதல், அரிக்க முதல் நிறு. தண்ணி எண்டா ஒரு பேணி 300 கிராம்."