அடையாள அட்டையை மட்டும்தானே அனுப்பினேன்

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, தரகர் கேட்டார் என்பதற்காகத் தமது தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வீடு அமையவில்லை, படம் மட்டும் அந்தத் தொலைபேசியில் தங்கிவிட்டது. சில மாதங்களின் பின்னர், அவர் வாங்கியே இராத ஒரு கடனைக் கேட்டுக் கடன் செயலி ஒன்றின் ஆட்கள் அழைக்கத் தொடங்கினார்கள். அவர் மறுத்ததும், அட்டையில் இருந்த பெயரை முகநூலில் தேடி, அவர் படிப்பிக்கும் பாடசாலையைக் கண்டறிந்து, அதன் பக்கத்திலேயே அந்த அட்டைப் படத்தைக் "கள்ளி" என்ற சொல்லோடு பதிந்தார்கள். என்னிடம் வந்து அமர்ந்தபோது அவர் சொன்ன முதல் வசனம்: "நான் அடையாள அட்டையை மட்டும்தானே அனுப்பினேன், மிஸ்." (அவரை இனங்காண முடியாதவாறு விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கின்றேன்.)

அந்த "மட்டும்தானே" என்ற சொல்லைப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் நான் அடிக்கடி கேட்கின்றேன். நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பவை. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டுபவை. பெண்களாயின் அந்த எண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே அந்த மூன்று இலக்கங்கள் 532 என்று இருந்தால், அட்டைக்குரியவர் பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த ஒரு பெண். 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணிலும் ஆண்டு முழுமையாக எழுதப்படுகின்றதே தவிர முறை மாறவில்லை. பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதை நினைக்கும்போது எனக்கு அச்சமாக இருக்கின்றது.

கொழும்பில் தொடர்மாடிக் காவலாளியின் கொப்பி முதல் தனியார் வகுப்பின் சேர்வுப் படிவம் வரை, கேட்ட இடத்திலெல்லாம் இந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டோம். ஒரு தடவை காலிமுகத்திடலில் எனக்குக் கடலை சுற்றித் தந்த கடதாசியே யாரோ ஓர் இளைஞரின் வேலை விண்ணப்பமாக இருந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிந்தன. கடதாசியையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்துவிட முடிந்தது. வட்ஸ்அப்பில் போன படம் எத்தனை தொலைபேசிகளில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றது என்பதை அனுப்பியவரால் ஒருபோதும் அறிய முடியாது.

சட்டம் எங்கே நிற்கின்றது என்று அந்த ஆசிரியை கேட்டார். நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அந்தக் குறையை ஓரளவுக்கு நிரப்ப வந்ததே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம்மைப் பற்றிய தரவுகளைத் திரட்டும் நிறுவனம் எதற்காகத் திரட்டுகின்றது என்பதைச் சொல்ல வேண்டும் என்றும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் கேட்கலாகாது என்றும், நாம் கேட்டால் பிழைகளைத் திருத்த வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. இணங்கி நடவாத நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கின்றது. ஆனால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பற்றிய பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின்னரும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த ஏனைய முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. இந்தத் தாமதத்தின் விலையைச் சாதாரண மக்களே கொடுக்கின்றார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கின்றேன்.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் சொல் "சம்மதம்". சம்மதம் சுயவிருப்பத்தோடும், குறிப்பான ஒரு நோக்கத்துக்காகவும், விடயத்தை அறிந்தும், ஐயத்துக்கு இடமின்றியும் அளிக்கப்பட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் அச்சிடப்பட்ட படிவத்தில், "இங்கே ஒரு கையொப்பம் போடுங்கள், அம்மா" என்று விரலால் காட்டப்பட்ட இடத்தில் ஒப்பமிடும் கொட்டாஞ்சேனைத் தாயார் எதை அறிந்து சம்மதிக்கின்றார்? தமிழில் படிவத்தைக் கேட்பதும், அது இல்லையெனில் வாசித்து விளக்கச் சொல்வதும் பிடிவாதமாகாது. பொலிஸில் பதியப்படும் முறைப்பாட்டுக்கும் இது பொருந்தும். தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்டுவிட்டுப் பின்னர் தவித்தவர்களை நான் பார்த்திருக்கின்றேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனிநபர் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவுகளைக் கையாளுவது இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கின்றது. எனவே உறவினர் ஒருவர் உங்கள் மகளின் படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தால் இச்சட்டம் உதவப்போவதில்லை. துன்புறுத்தும் நோக்கோடு ஒருவரின் அந்தரங்கத் தகவலை இணையத்தில் வெளியிட்டால், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகும். கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று பலரும் கண்டித்த சட்டம் அது. அந்தக் கண்டனங்களில் நியாயம் உண்டு என்றே நானும் எண்ணுகின்றேன். அனுமதியின்றி ஒருவரின் கணக்குக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியது. கணவன் மனைவியின் தொலைபேசிக்குள் நுழைவதையும் அச்சட்டம் விலக்கி வைக்கவில்லை என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கின்றார்கள்.

எந்தச் சட்டத்தை நாடினாலும் சான்று வேண்டும். நமது பெண்களில் பலர் வெட்கத்தாலும் பயத்தாலும் முதலில் செய்வது, வந்த செய்திகளை அழித்துவிடுவது. தயவுசெய்து அழிக்காதீர்கள். திகதியும் நேரமும் அனுப்பியவரின் இலக்கமும் தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள். முகநூல் பதிவாயின் அதன் இணைப்பையும் எழுதி வையுங்கள். செய்தி வந்த தொலைபேசியை, வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அந்த ஆசிரியையின் அதிபர், நல்லெண்ணத்தோடுதான், பாடசாலைப் பக்கத்திலிருந்த பதிவை உடனே நீக்கிவிட்டார். அதற்கு முன்னர் மாணவர் ஒருவரின் தாயார் எடுத்து வைத்திருந்த ஒரேயொரு திரைப்பதிவைக் கொண்டே முறைப்பாட்டைப் பதிய முடிந்தது.

இப்போது அந்த ஆசிரியை அடையாள அட்டையின் பிரதி கொடுக்க நேரும் இடங்களில், எந்த நோக்கத்துக்காக, யாருக்கு, எந்தத் திகதியில் என்று பிரதியின் குறுக்கே பேனாவால் எழுதி, அதன் மேல் ஒப்பமிட்டுக் கொடுக்கின்றார். சென்ற மாதம் ஒரு கருமபீடத்தில் அவ்வாறு எழுதியதைக் கண்டு வெறும் பிரதியே வேண்டும் என்றார்களாம். காரணத்தை எழுத்தில் தரும்படி அவர் கேட்டபோது, எழுதிய பிரதியையே வாங்கிக்கொண்டார்கள்.