தண்ணீர் இறங்கும், கணக்கு ஏறும்

“எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வரத்துக்கால்வாய் பாதி தூர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப், அதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. வரைபடம் போட்டுப் பார்க்க முடியுமா?” என்று உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முடியும். பைசா செலவில்லை. ஆனால் வரைபடம் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு வரைபடத்தைவிடச் சுவையான விஷயம். அதனால் செய்முறையை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நிலத் தரவை வரைபடமாக்கிக் கணக்குப் போட இரண்டு மென்பொருள்கள் வேண்டும்: கியூஜிஐஎஸ், கிராஸ். இரண்டும் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. கியூஜிஐஎஸ், 2002-ல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தன் லினக்ஸ் கணினியில் வரைபடத் தரவைத் திறந்து பார்ப்பதற்காக எழுதத் தொடங்கியது. கிராஸ் அதற்கும் இருபது வருடம் மூத்தது. 1982-ல் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமானப் பொறியியல் ஆய்வுக்கூடம் தன் பயிற்சி நிலங்களைப் பராமரிக்க அதை எழுத ஆரம்பித்தது. 1987-ல் அதற்காக ஒரு விளம்பரப் படமே எடுத்தார்கள். பின்னணிக் குரல் ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னர். தொண்ணூறுகளின் நடுவில் ராணுவம் கையை உதறியது. பல்கலைக்கழக ஆட்கள் எடுத்து வளர்த்தார்கள், 1999-ல் யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. இன்றைக்கு கியூஜிஐஎஸ் முகம் என்றால் கிராஸ் வயிறு. முன்னதில் பொத்தானை அழுத்தினால் பின்னது அரைக்கும்.

அடுத்தது தரவு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதிலிருந்து 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பத்தை நீட்டி, முனையில் இன்னொரு ஆன்டெனாவை வைத்து, இரண்டு கண்ணால் பார்ப்பதுபோல ரேடாரால் தரையின் உயரத்தை அளந்தார்கள். அதுதான் எஸ்ஆர்டிஎம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். அமெரிக்காவுக்கு வெளியே நமக்கெல்லாம் முதலில் 90 மீட்டர் கட்டம்தான் கொடுத்தார்கள். 30 மீட்டர் கட்டத்தை 2014-ல்தான் திறந்துவிட்டார்கள்.

வாசகருக்கு வேண்டிய கோப்பு வடக்கு அட்சரேகை 12, கிழக்கு தீர்க்கரேகை 79. காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம், வந்தவாசி எல்லாம் இந்த ஒரு சதுரத்துக்குள் அடக்கம். நீளத்தில் 3601 கட்டம், அகலத்தில் 3601 கட்டம். பெருக்கினால் ஒரு கோடியே 29 லட்சத்து 67 ஆயிரத்து 201 உயரங்கள். இதை யூடிஎம் 44 வடக்கு என்ற மீட்டர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிராஸில் நீரோட்டத்தைக் கணக்கிடும் ‘ஆர்.வாட்டர்ஷெட்’ கருவியில் கொடுத்து ஓடவிடுங்கள். நினைவகம் போதாமல் லேப்டாப் திணறினால், வட்டில் எழுதி எழுதிக் கணக்குப் போடும்படி சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. பொறுமையும் ஒரு டீயும் போதும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரணமாக யோசித்தால் கணக்கு எளிது. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். எதன் பக்கம் சரிவு அதிகமோ அதில் தண்ணீரைத் தள்ளு. அடுத்த கட்டத்திலும் அப்படியே. பள்ளிப் பிள்ளைகூட எழுதிவிடலாம். எழுதினால் பத்துக் கட்டம் போவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். ஏனென்றால் தரவு முழுக்கக் குழி. ரேடார் அளவையின் தடுமாற்றம் சில இடத்தில் ஒரு மீட்டரைக் கூட்டும், சில இடத்தில் குறைக்கும். தென்னந்தோப்பு வந்தால் மண்ணைப் பார்க்காமல் ஓலையைப் பார்க்கும். போதாததற்கு உயரங்கள் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டம் மாதிரித் தட்டையான ஊரில் கிலோமீட்டருக்கு ஓரிரு மீட்டர் சரிவுதான் என்றால், பதினைந்திலிருந்து முப்பது கட்டம் வரை ஒரே எண்ணாக நிற்கும். எட்டுப் பக்கமும் 61, நடுவிலும் 61. தண்ணீர் எங்கே போகும்?

பல மென்பொருள்கள் குழிகளை முதலில் மண் கொட்டி நிரப்பிவிட்டு அப்புறம் ஓட்டம் பார்க்கும். ஏரி மாவட்டத்தில் எனக்கு அது கொஞ்சம் வலிக்கும். ஆர்.வாட்டர்ஷெட் எதையும் நிரப்புவதில்லை. அதை எழுதிய சார்ல்ஸ் எல்ஷ்லேகர் கேள்வியையே திருப்பிப் போட்டார். மழை விழுந்த இடத்திலிருந்து கீழே இறங்காதே; தண்ணீர் கடைசியில் வெளியேறும் இடத்திலிருந்து மேலே ஏறு.

ஒரு ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வித்தியாசம்: யார் முன்னால் வந்தார் என்ற பேச்சே இல்லை, இருப்பவர்களில் குள்ளமானவருக்குத்தான் முதல் சரக்கு. வரைபடத்தின் நான்கு ஓரத்திலும் உள்ள கட்டங்கள் முதலில் வரிசைக்கு வருகின்றன. உயரம் குறைந்த கட்டம் வெளியே கூப்பிடப்படுகிறது. அது போகும்போது, இன்னும் வரிசைக்கு வராத தன் அக்கம்பக்கத்துக் கட்டங்களை உள்ளே அழைத்துவிட்டுப் போகிறது. அழைக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது: “என்னைக் கூப்பிட்டது இவர்.” அந்தக் குறிப்புதான் தண்ணீர் ஓடும் திசை. ஒரே உயரம் இரண்டு பேர் நின்றால் அப்போது மட்டும் முன்னால் வந்தவருக்கு முதலிடம். தட்டை நிலப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

ஒரு வரிசையை மட்டும் கையால் போட்டுப் பார்க்கலாம். இடது ஓரத்திலிருந்து உயரங்கள் 40, 42, 45, 43, 41, 44, 50 என்று இருக்கட்டும். 41 ஒரு குழி. பழைய முறையில் 43-இல் விழுந்ததும் 44-இல் விழுந்ததும் 41-இல் வந்து அடைந்துகொள்ளும், கதை முடிந்தது. புது முறையில் ஓரத்து 40 கூப்பிடுவது 42-ஐ. 42 கூப்பிடுவது 45-ஐ. 45 அடுத்த பக்கம் எட்டிப் பார்த்து 43-ஐக் கூப்பிடுகிறது, 43 கூப்பிடுவது 41-ஐ, 41 கூப்பிடுவது 44-ஐ, கடைசியில் 50. இப்போது குறிப்புகளைப் படியுங்கள். 41-இன் தண்ணீர் 43-க்குப் போகிறது, 43-இன் தண்ணீர் 45-க்கு, அங்கிருந்து 42, 40, வெளியே.

மேட்டில் தண்ணீர் ஏறுகிறதே என்று கேட்பீர்கள். ஏறத்தான் செய்கிறது. குழி நிறைந்தால் ஏறாமல் என்ன செய்யும்? அந்த 45-ஐ இன்னொரு தடவை பாருங்கள். அது நம்ம ஊர் ஆளுக்குப் பழகிய பொருள். கலங்கல்! ஏரி நிரம்பி, ‘கோடி போகிறது’ என்று சொல்லும் இடம்.

இன்னும் ஒன்று. இதே குழிக்கு வேறொரு பக்கம் 44 மீட்டரில் ஒரு தாழ்ந்த வாசல் இருந்தால்? 45 வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே 44-இன் முறை வந்துவிடும், குழிக்குள் இருப்பவர்களை அதுதான் முதலில் கூப்பிடும். ஆக, எந்தக் குழியானாலும் அதன் விளிம்பில் மிகத் தாழ்ந்த இடம் எதுவோ அதன் வழியாகத்தான் தண்ணீர் வெளியேறும். நிரலில் ‘ஏரி’ என்ற சொல் எங்கும் இல்லை, ‘கலங்கல்’ என்று ஒரு கட்டளையும் இல்லை. குள்ளனுக்கு முதல் சரக்கு என்ற ஒரே விதி. இதை நான் முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த ராத்திரி தூங்க நேரமாகிவிட்டது.

இந்தத் தேடல், 1968-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோ அறைக்குள் முட்டிக்கொள்ளாமல் நடப்பதற்காகப் பிறந்த ‘ஏ-ஸ்டார்’ குடும்பத்தைச் சேர்ந்தது. ரோபோவுக்கு வழி காட்டியது ஏரிக்கும் வழி காட்டுகிறது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் “இதனால் என்ன பயன், மூன்று வருடத்தில் சொல்” என்று கேட்கும் அதிகாரிகளுக்கு நான் இந்த ஷேக்கி கதையைச் சொல்வதுண்டு.

திசை கிடைத்துவிட்டது, அளவு? அதற்கும் அதே வரிசைதான். யார் யாருக்குப் பின்னால் கூப்பிடப்பட்டார்கள் என்ற பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டியது. கடைசியில் வந்தவர் மேட்டுக்காரர். அவர் தன் பங்கைத் தன்னைக் கூப்பிட்டவரிடம் கொடுப்பார். அவர் தன் பங்கையும் சேர்த்து அடுத்தவரிடம். ஓரத்துக்கு வரும்போது கட்டங்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஏறும்போது வழி, இறங்கும்போது தண்ணீர். (இயல்பாக இந்தக் கருவி ஒரு கட்டத்தின் நீரைத் தாழ்ந்த பக்கங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும். நான் சொன்னது ஒரே பக்கம் அனுப்பும் எளிய வகை. அதற்கும் விருப்பம் உண்டு.)

30 மீட்டர் கட்டம் என்றால் 900 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஒரு கட்டத்தில் 9,000 லிட்டர். உங்கள் ஏரியில் வந்து சேர்வது 10,000 கட்டம் என்றால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 9 கோடி லிட்டர். மண் குடிப்பது போக மிச்சம் ஏரிக்கு.

வரைபடத்தைத் திறந்ததும் உத்திரமேரூருக்கு வடக்கே திருமுக்கூடலைத் தேடுங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். ஆற்றைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லாமலே கோடுகள் அங்கே ஒன்றையொன்று தேடி வருகின்றனவா என்று பாருங்கள். கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் அந்தச் சதுரத்தில் இல்லை.

அங்கே பாலாற்றின் மேல் சொடுக்கினால், வந்து சேர்ந்த கட்டங்களின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கும். பிழை என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன், ஒரு மாலை முழுக்க அமைப்புகளை மாற்றி மாற்றி ஓடவிட்டேன். விஷயம் இதுதான்: பாலாறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில், செய்யாறு வருவது ஜவ்வாது மலையிலிருந்து. இரண்டும் நம் சதுரத்துக்கு மேற்கே. வரைபட ஓரத்தைத் தாண்டி இன்னும் தண்ணீர் வரக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும் கட்டத்துக்கெல்லாம் ஆர்.வாட்டர்ஷெட் எண்ணை எதிர்மறையாக்கிவிடும். “இவ்வளவு எண்ணியிருக்கிறேன், ஆனால் முழுசாக எண்ணவில்லை” என்று தன் கணக்கின் குறையைத் தானே சொல்கிற நிரலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு தொல்லை கரை. ஏரிக்கரை சில மீட்டர்தான் அகலம், நம் கட்டமோ 30 மீட்டர். சராசரியில் கரை கரைந்து போகும், தண்ணீர் கரையை ஊடுருவி வயலுக்குள் போவதுபோல் கோடு விழும். ஏரியில் தண்ணீர் இருந்த இடத்தில் ரேடார் பார்த்தது நீர்மட்டத்தைத்தான், அடிமண்ணை அல்ல என்பதும் சேர்ந்துகொள்ளும். வழி இருக்கிறது: செயற்கைக்கோள் படத்தின்மேல் கியூஜிஐஎஸில் கரையைக் கோடாக வரைந்து, அந்தக் கட்டங்களுக்கு மட்டும் ஐந்து மீட்டர் கூட்டுங்கள். கலங்கல் இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டில் இடைவெளி விடுங்கள். வாசலைக் கணக்கு தானே கண்டுபிடிக்கும்.

இதையெல்லாம் நாமே ஒட்டுப்போட வேண்டியிருப்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு. இஸ்ரோவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் எடுத்த உயரத் தரவும் 30 மீட்டரில் அதன் புவன் இணையதளத்தில் கிடைக்கிறது, நல்லது. ஆனால் கரையும் வாய்க்காலும் தெரிகிற அளவு நுண்ணிய தரவு மக்கள் பணத்தில் எடுக்கப்பட்டால் அது பஞ்சாயத்துத் தலைவர் கைக்கும் வர வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அந்த வாரியப் பெருமக்களுக்கு வரத்து எந்தப் பக்கம் என்று யாரும் லேப்டாப்பில் காட்ட வேண்டியிருந்திருக்காது.

அதே ஊர்களில் இன்றைக்கு உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி, அது நிமிர்ந்த இடத்தில் நீரோட்டம் என்று சொல்பவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கட்டுப்பாடான சோதனைகளில் இந்த வித்தை குருட்டு ஊகத்தைவிட மேலாகத் தேறியதில்லை. இந்த வரைபடமும் நிலத்தடி நீரைக் காட்டாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலே ஓடுவதை மட்டும் காட்டும்.

கடைசி வேலை, ‘ஆர்.வாட்டர்.அவுட்லெட்’. திசை வரைபடத்தைக் கொடுத்து, ஏரியில் நீர் வந்து நுழையும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதற்கு நீர் தரும் நிலம் முழுக்க நிறம் மாறும். புள்ளி சரியாக ஓடைக் கட்டத்தின்மேல் விழ வேண்டும். ஒரு கட்டம் தள்ளினால் முழு நீர்ப்பிடிப்புப் பகுதியும் நாலு கட்டமாகச் சுருங்கி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள்.

அச்செடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும்போது, வயல்களுக்கு ஏரி நீரைப் பங்கிட்டுவிட்ட பழைய நீர்க்கட்டியோ ஆடு மேய்ப்பவரோ யாராவது ஒருவரைக் கூட்டிப்போங்கள். தாளை முதலில் காட்டாதீர்கள். வரத்து எங்கே, கோடி போவது எங்கே என்று அவரைக் கை நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் தாளை விரித்து, அவர் கைக்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.