ஃப்ரீவீல்: பற்றவும் விடவும் தெரிந்த சக்கரம்

"ஃப்ரீவீல் போய்விட்டது" என்றால் சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் புரியும். ஆனால் என்ன கோளாறு என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. மிதித்தும் வண்டி நகரவில்லையா? மிதிப்பதை நிறுத்திய பிறகும் பெடல் காலைத் தள்ளிக்கொண்டே சுற்றுகிறதா? இரண்டும் நேர் எதிரான கோளாறுகள். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடும்போது முதலில் இந்தக் குழப்பம்தான் தீர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்சக்கரத்தின் நடுவில், செயின் ஓடுகிற பற்சக்கரத்துக்குள் இருக்கும் அமைப்புதான் ஃப்ரீவீல். முன்னோக்கி மிதித்தால் பற்சக்கரம் பின்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு சேர்த்துச் சுழற்றும். காலை நிறுத்தினால் பிடியை விட்டுவிடும். பற்சக்கரம் நிற்க, சக்கரம் தன் போக்கில் உருண்டுகொண்டே போகும். அப்போது கேட்கிற 'கிர்ர்ர்' ஒலி இதனுடையது.

பழைய சைக்கிள்களில் இந்த வசதி கிடையாது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டியில் இன்றைய சைக்கிளின் உருவம் அப்படியே இருந்தது. ஏறக்குறைய சம அளவிலான இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின். ஆனால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் பெடல் வேகமாகச் சுழலும்போது காலைத் தூக்கி வைக்க, அக்கால வண்டிகள் பலவற்றில் முன்கவையிலேயே கால்தாங்கி இருக்கும். சக்கரத்தைப் பெடலிலிருந்து விடுவிக்கும் யோசனை அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் 1869-இலேயே அப்படி ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 'ஃப்ரீ வீல்' என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்ததும் அப்போதுதான். பெடலோடு பிணைந்த பழைய சக்கரத்தை 'ஃபிக்ஸட் வீல்' என்றார்கள், பிணைப்பு நீங்கியதை 'ஃப்ரீ வீல்' என்றார்கள். பிரெஞ்சில் 'ரூ லிப்ர்' என்பதும் அதே பொருள்தான். ஜெர்மானியர் மட்டும் சக்கரத்தை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பிடித்தார்கள். அவர்களுக்கு இது 'ஃப்ரைலாவ்ஃப்', அதாவது தடையற்ற ஓட்டம்.

தமிழில் சக்கர உறுப்புகளுக்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி குடம். அதிலிருந்து விரிவது ஆரக்கால். சுற்றுவளையம் வட்டை. ஊடே செல்வது அச்சு, கழலாமல் காப்பது கடையாணி. இவ்வளவு இருந்தும் ஃப்ரீவீலுக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை? வண்டிச் சக்கரம் எதையும் செலுத்துவதில்லை. மாடு இழுக்கிறது, சக்கரம் உருள்கிறது. அச்சின் மேல் அது எப்போதுமே தன் போக்கில் சுழல்வதுதான். கட்டே இல்லாத இடத்தில் கட்டை அவிழ்ப்பதற்குச் சொல் எதற்கு? மனிதன் சக்கரத்தைக் காலால் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தேவை வந்தது.

சரி, இப்போது என்ன சொல்லலாம்? இலவசச் சக்கரம் என்பது வெறும் பிழை. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதற்கான 'கட்டற்ற மென்பொருள்' பாணியில் 'கட்டற்ற சக்கரம்' என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். ஒரு திசையில் கட்டு இருந்தால்தானே வண்டி நகரும்? 'ஒருவழிப் பற்சக்கரம்' துல்லியமானது, பேச்சில் நீளம். நான் பரிந்துரைப்பது விடுசக்கரம். மிதிவண்டி போலவே இதுவும் வினைத்தொகை. விட்ட, விடுகிற, விடும் சக்கரம் என மூன்று காலமும் அதில் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'விடுச்சக்கரம்' என்று எழுதக் கூடாது. எதையும் பற்றாத ஒன்றை 'விடும்' என்று சொல்ல மாட்டோம், அதனால் பற்றுதலும் இந்தச் சொல்லுக்குள் மறைந்து நிற்கிறது.

உள்ளே பற்றுகிற வேலையைச் செய்பவை நகத்துணுக்கு அளவே உள்ள எஃகுத் துண்டுகள். பெரும்பாலும் இரண்டு, சிலவற்றில் மூன்று அல்லது அதற்கு மேல். மயிரிழை போன்ற ஸ்பிரிங் அவற்றை வெளிப்புறமாக உந்திக்கொண்டிருக்கும். ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் 'பால்' என்று வரும். அதே ஃப்ரீவீலுக்குள் உருளும் குண்டுகளையும் நாம் 'பால்' என்றே எழுதுகிறோம். "உள்ளே பால் உடைந்துவிட்டது" என்றால் எது உடைந்தது என்று எப்படித் தெரியும்? மணிக்கு நாக்கு இருப்பதுபோல் இதையும் நாக்கு என்றே சொல்லிவிடலாம். குண்டு குண்டாகவே இருக்கட்டும்.

இனி கோளாறுக்கு வருவோம். நாக்கு எழாவிட்டால் விடுசக்கரம் பற்றவில்லை. மிதித்தால் பெடல் காலியாகப் போகும், திடீரென்று 'டக்' என்று பிடிக்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது இப்படி ஆனால் கீழே விழ நேரும், தள்ளிப்போடக் கூடாத கோளாறு இது. தேய்ந்த பல்லின் மேல் செயின் வழுக்குவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செயின் வழுக்கினால் அது பல்லை விட்டு ஏறிக் குதிக்கும். இங்கே செயினும் பற்சக்கரமும் ஒழுங்காகச் சேர்ந்து ஓடும், பின்சக்கரம் மட்டும் கூட வராது.

மற்றக் கோளாறு, விடுசக்கரம் பிடியை விடவில்லை என்பது. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். செயினின் மேல்பகுதி தளர்ந்து தொங்கினால் பற்சக்கரம் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக உடனே ஃப்ரீவீலைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து நல்ல ஃப்ரீவீலைக் கழற்றி எறிந்தேன். செயினில் ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருந்தது, அவ்வளவுதான். செயினைப் பற்சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, பற்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. தாராளமாகச் சுற்றினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கரகரத்தாலோ இறுகினாலோ உள்ளேதான்.

இரண்டு கோளாறுக்கும் அடிக்கடி காரணமாவது ஒன்றே: காய்ந்து மெழுகுபோல் ஆன பழைய கிரீஸும் அதில் படிந்த தூசியும். நாக்கு அதில் புதைந்துவிட்டால் அந்த மெல்லிய ஸ்பிரிங்கால் தூக்க முடிவதில்லை. குளிரில் கிரீஸ் இறுகும்போது இது இன்னும் மோசமாகும். சக்கரத்தைப் பற்சக்கரம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, சுழலும் பகுதிக்கும் சுழலாத பகுதிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். முதலில் கருப்பாக வழியும், பிறகு தெளியும். தெளிந்ததும் நன்றாக வடியவிட்டு, மெல்லிய எண்ணெய் சில துளி விடுங்கள். கெட்டி கிரீஸ் வேண்டாம், நோயே அதுதான். அச்சின் குண்டுகளுக்குள் மண்ணெண்ணெய் போயிருந்தால் அங்கே மட்டும் புதிய கிரீஸ் வைக்க வேண்டும்.

பிரித்தே பார்ப்பதென்றால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். இரண்டு குழிகள் உள்ள மேல்மூடி பொதுவாக இடப்புரி மறை. கடிகாரம் சுற்றும் திசையில் தட்டினால்தான் கழலும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குண்டுகள் தரையெல்லாம் ஓடிவிடும். நாக்கின் முனை மழுங்கியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, முழு ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டியதுதான்.

கியர் வண்டிகள் பலவற்றில் இன்று இந்த அமைப்பு தனியாகத் திருகப்படுவதில்லை, சக்கரத்தின் குடத்தோடு சேர்ந்தே வருகிறது. ஷிமானோ 1978-இல் இதை 'ஃப்ரீஹப்' என்று கொண்டுவந்தது. குடம் என்ற பழைய வண்டிச் சொல் இங்கே அப்படியே உதவுகிறது. இது விடுகுடம். அதன் மேல் ஏறும் பற்சக்கர அடுக்கைக் கழற்றினாலும் நாக்குகள் குடத்திலேயே இருக்கும். ஆகவே "பற்றவில்லை" என்றால் புது அடுக்கு வாங்கிப் பயனில்லை, பார்க்க வேண்டியது விடுகுடத்தை.