‘லேக்’ நிறமி: அரக்கு போட்ட பெயர்

பழைய ஓவியங்களின் நிறங்களை ஆராயும் கட்டுரைகளில் ‘மேடர் லேக்’, ‘கார்மைன் லேக்’ என்ற பெயர்கள் வரும். அவசரத்தில் ‘ஏரி நிறமி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நீர்நிலைக்கும் இந்த லேக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வடமொழி லாக்ஷா பாரசீகம், அரபு, இடைக்கால லத்தீன் என்று கைமாறி ஐரோப்பாவில் லேக் ஆனது. பொருள் நாம் சொல்லும் அரக்குதான். புரசு, இலந்தைக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரந்து வைக்கும் பிசின். அதைக் கழுவினால் இறங்கும் செந்நீரே சாயம். அரக்கு நிறப் புடவை என்கிறோமே, அந்தச் சிவப்பு.

சரி, சாயம் எப்படி நிறமி ஆகும்? சாயம் கரையும்; நிறமி கரையாத தூள். எண்ணெய் ஓவியத்துக்குத் தூள்தான் வேண்டும். அதனால் சாயம் இறங்கிய கார நீரில் படிகாரக் கரைசலை ஊற்றுவார்கள். நுரைத்துப் பொங்கும். அப்புறம் அலுமினியம் ஹைட்ராக்சைடு சாயத்தைப் பிடித்துக்கொண்டு கூழாக அடியில் தங்கும். வடிகட்டி, உலர்த்தி, அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார்கள்.

அரக்குக்கு வந்த பெயர் பின்னாளில் மஞ்சிட்டி (மேடர்) வேர், கார்மைன் சிவப்பைத் தரும் கொச்சினீல் பூச்சி முதலியவற்றில் செய்ததற்கும் பொதுவானது. ஆகவே எல்லாவற்றையும் ‘அரக்கு நிறமி’ என்றால் குழப்பமே மிஞ்சும். ‘சாயப்படிவு நிறமி’ என்பது என் தேர்வு. மஞ்சிட்டிச் சாயப்படிவு, கொச்சினீல் சாயப்படிவு என்று சொல்லிப் பாருங்கள், செய்முறையே பெயரில் தெரிகிறது.

ஆய்வகத்தில் இவற்றைப் பிடிப்பது கடினம். தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் பாதரசம் தெரிந்தால், அந்தச் சிவப்பு பாதரசச் சேர்மமான சாதிலிங்கம் எனலாம். சாயப்படிவிலோ அப்படிக் காட்டிக்கொடுக்கும் கன உலோகம் இல்லை. அதனால் சாய மூலக்கூறையே தேட வேண்டும். வெள்ளி நுண்துகள்களின் மேல் வைத்து லேசர் ஒளி பாய்ச்சி, சிதறும் ஒளியைக் கொண்டு மூலக்கூறை அடையாளம் காணும் ராமன் நிறமாலை முறைக்கு மிகச் சிறிய துணுக்கே போதும்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883இல் வரைந்த ‘மேடம் லியோன் கிளாபிசோன்’ ஓவியத்தில் சிகாகோ கலை நிறுவனமும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் வான் டைனும் இப்படித்தான் கொச்சினீல் சாயப்படிவைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தப் பெண்மணியின் பின்னணி வெளிறிய நீலச் சாம்பல். சட்டத்தைக் கழற்றியபோது, வெளிச்சமே படாத ஓரத்தில் மட்டும் பளிச்சென்ற சிவப்பு அப்படியே இருந்தது.